கோடிட்ட இடத்துக்கு பதில் கோட்டுக்கு வெளியதான் இருக்கு

"கோடிட்ட இடத்தை நிரப்புக"ன்னு ஒரு கேள்வி வந்தா நாம என்ன பண்ணுவோம்? வாக்கியத்தை பாதி படிச்சும் படிக்காமலும் கண்ணு நேரா கீழ இருக்கிற நாலு ஆப்ஷனுக்கு ஓடிடும், அதுல தெரிஞ்ச வார்த்தை எது தெரியாத வார்த்தை எதுன்னு பிரிப்போம், தெரியாததை ஒதுக்கிட்டு மிச்சத்துல ஏதோ ஒரு விதத்துல ஒட்டுற மாதிரி தெரியறதை டிக் அடிச்சிட்டு அடுத்த கேள்விக்கு போயிடுவோம். தப்பாயிடுச்சுன்னா "எனக்கு வொகாபுலரி கம்மி"ன்னு நம்மளை நாமே திட்டிப்போம். நான் பார்த்த வரைக்கும் பாதிக்கு மேல தப்புக்கு காரணம் வார்த்தை தெரியாதது இல்லீங்க. நாலு ஆப்ஷனும் நல்லா தெரிஞ்ச வார்த்தையா இருக்கும்போதே தப்பு வருது. ஏன்னா வாக்கியம் விடையை சொல்லிட்டே இருக்கு, நாம அதை முழுசா கேக்கறதில்ல.

ஒரு உதாரணம் பார்த்துட்டு மேல போவோம்.

"அவளோட பதில் ______ஆ இருந்தது. ரெண்டே வார்த்தை. ஆனா அதுக்கப்புறம் யாரும் கேள்வி கேக்கல."

ஆப்ஷன்: தெளிவு, சுருக்கம், கோவம், நீளம். நீளம் உடனே போயிடும், ரெண்டே வார்த்தைன்னு இருக்கே. மீதி மூணும் முதல் பார்வைக்கு சரியாத்தான் படும். கடைசி வாக்கியத்தை மட்டும் மனசுல வச்சிருக்கறவங்க "யாரும் கேள்வி கேக்கலன்னா தெளிவா சொல்லியிருப்பா"ன்னு தெளிவை போடுவாங்க, கொஞ்சம் டிராமா பிடிச்சவங்க கோவத்தை போடுவாங்க. இப்போ நடுவுல இருக்கிற "ஆனா"வை பாருங்க. பதில் தெளிவா இருந்து யாரும் கேள்வி கேக்கலன்னா அங்க "அதனால"ன்னுதான வந்திருக்கணும்? தெளிவுக்கும் கேள்வி வராததுக்கும் சண்டை இல்லையே. கோவமும் அதே கதைதான், கோவமா பேசினா யாரும் வாயை திறக்க மாட்டாங்க, அங்கயும் "அதனால"தான். "ஆனா"ன்னு வந்திருக்குன்னா முதல்ல சொன்ன விஷயம் வேற எதையோ எதிர்பார்க்க வச்சிருக்கு. இவ்வளவு சின்ன பதில் சொன்னா இன்னும் நாலு கேள்வி வரும்னுதான் யாரும் நினைப்பாங்க, ஆனா வரல. அப்போ சுருக்கம். ரெண்டெழுத்து "ஆனா"தான் இங்க ஜட்ஜ். அதோட "ரெண்டே வார்த்தை"ங்கிறது முன்னாடி சொன்னதை விளக்கறதுக்காக வந்த துண்டு வாக்கியம், அதுவும் சுருக்கத்துக்குத்தான் ஓட்டு போடுது. ரெண்டு சாட்சி ஒரே பக்கம் நின்னா சந்தேகமே வேண்டாம்.

இந்த வித்தையை இங்கிலீஷ் பரீட்சைக்கு படிக்கும்போது "கான்டெக்ஸ்ட் க்ளூ"ன்னு சொல்லித் தருவாங்க, ஏதோ புதுசா கண்டுபிடிச்ச டெக்னிக் மாதிரி இருக்கும். ஆனா தொல்காப்பியத்துல சொல்லதிகாரத்தோட முதல் இயலான கிளவியாக்கத்துலயே இது இருக்கு. ஒரே சொல்லுக்கு பல பொருள் இருந்தா எந்த பொருள்னு எப்படி தெரிஞ்சுக்கறதுங்கிற கேள்விக்கு தொல்காப்பியர் சொல்ற பதில்: "வேறுபடு வினையினும் இனத்தினும் சார்பினும் தேறத் தோன்றும்". மூணே மூணு. கூட வர்ற வினை, பக்கத்துல நிக்கிற இனம், பேச்சு நடக்கிற சார்பு. உரையாசிரியர்கள் இதுக்கு "மா"ங்கிற சொல்லை எடுத்துக்கறாங்க, ஏன்னா அது மாமரமும் ஆகும், குதிரையும் ஆகும், பொதுவா விலங்கும் ஆகும். "மா பூத்தது"ன்னா குதிரை பூக்காது, அதனால மரம், இது வினை சொல்லிக் கொடுத்தது. "மாவும் மருதும் ஓங்கின"ன்னா பக்கத்துல மருத மரம் நிக்குது, அதனால இதுவும் மரம்தான், இது இனம். மூணாவதுதான் எனக்கு ரொம்ப பிடிச்சது. ஒருத்தன் கவசத்தை மாட்டிக்கிட்டு நின்னு "மா கொண்டு வா"ங்கிறான். வாக்கியத்துக்குள்ள ஒரு க்ளூவும் கிடையாது, கொண்டு வர்ற வேலையை எதுக்கு வேணா சொல்லலாம், ஆனா சண்டைக்கு கிளம்பற ஆளு எதை கேப்பான், குதிரையைத்தான். இது சார்பு. இன்னைக்கு எந்த மொழியில எந்த பரீட்சை எழுதினாலும் க்ளூ இந்த மூணு வழியிலதான் வந்து சேருது, நான் இந்த மூணை வச்சே மீதியையும் சொல்லிடறேன்.

முதல்ல வினை. "ஆறு"ன்னு மொட்டையா சொன்னா எண்ணா நதியான்னு தெரியாது. ஆறு ஓடுதுன்னா நதி, ஆறு பேர்னா எண்ணு, புண்ணு ஆறுதுன்னா அதுவே வினையாயிடுச்சு, வெந்நீர் ஆறட்டும்னா சூடு குறையறது, கோவம் ஆறுச்சுன்னா மனசு. "படி"யும் இப்படித்தான். "அவன் சொன்னபடி படியில உக்காந்து படிச்சான்"னு ஒரு வாக்கியத்துல மூணு படி வருது, தமிழ் பேசற ஒரு குழந்தை கூட குழம்பாது. அது எப்படின்னு யோசிச்சா தமிழ்ல ஒரு வசதி இருக்கு, சொல்லோட வால்லயே க்ளூ இருக்கும். படி"யில"ன்னு வந்தா உக்கார இடம், படி"ச்சான்"னு வந்தா வினை, சொன்ன"படி"ன்னு எச்சத்தோட ஒட்டிக்கிட்டா விதம். மாலையை எடுத்துக்கோங்க. "அவர் மாலையில வந்தார்"னா சாயங்காலம், "அவர் மாலையோட வந்தார்"னா கையில பூ. வினை ரெண்டுலயும் அதே "வந்தார்"தான், வேற்றுமை உருபு ஒண்ணு மட்டும்தான் மாறியிருக்கு, படமே மாறிப்போச்சு. அதனால கோட்டுக்கு பக்கத்துல ஒட்டிக்கிட்டு இருக்கிற "ஆ", "ஐ", "உக்கு", "ஆல்" மாதிரி துண்டுகளை அலட்சியமா தாண்டாதீங்க, பல நேரம் நாலு ஆப்ஷன்ல ரெண்டை அதுவே தூக்கிடும்.

இன்னொரு விஷயம், தமிழ்ல வினை கடைசியிலதான் வரும். கோடு வாக்கியத்தோட முதல்லயோ நடுவுலயோ இருக்கும், அதுக்கு சாவி முற்றுப்புள்ளிக்கு பக்கத்துல தொங்கும். கோடு வந்ததும் ப்ரேக் போட்டு ஆப்ஷனுக்கு இறங்கறவங்க சாவியை பார்க்காமலே பூட்டை ஆட்டிட்டு இருப்பாங்க. "______ பார்த்ததும் அவனுக்கு..."ன்னு வரைக்கும் படிச்சா அங்க எதை வேணா போடலாம், பாம்பை, பரிசை, பழைய நண்பனை. "...முகம் வெளிறிப்போச்சு"ன்னு முடியும்போதுதான் பாம்பு உறுதியாகும். முழுசா படிக்கணும்ங்கிறது பள்ளிக்கூடத்துல சொல்ற புத்திமதி மாதிரி தெரியலாம், ஆனா நம்ம மொழியோட கட்டமைப்பே அப்படி, வேற வழி கிடையாது.

வால் பத்தி சொன்னேன்ல, அதுல ரொம்ப பவரான ஆளு "உம்". "ராத்திரி பூரா படிச்சதால ______"னு இருந்தா நல்ல மார்க். "ராத்திரி பூரா படிச்சும் ______"னு இருந்தா கோட்டை விட்டான். "படிச்சாலும்"னா வாங்கப்போறதில்லன்னு இனிமே நடக்கப்போற தோல்வி, "படிச்சாத்தான்"னா அது இல்லாம நடக்காதுன்னு நிபந்தனை. படிக்கிறது ஒண்ணுதான், வாலை மாத்த மாத்த கோட்டுக்குள்ள வர்ற வார்த்தை தலைகீழா போகுது. இங்கிலீஷ்ல இந்த வேலையை தனி வார்த்தைகள் செய்யும், கண்ணுக்கு பளிச்சுனு தெரியும். தமிழ்ல அது ரெண்டெழுத்து வாலுக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டு இருக்கும். இங்கிலீஷ் க்ளூ பட்டியலை மனப்பாடம் பண்ணிட்டு தமிழ் கேள்விக்கு வர்றவங்க அதனாலதான் தடுமாறாங்கன்னு நான் நினைக்கிறேன். "ஆனால், எனினும், ஆகவே"ன்னு தனி வார்த்தையா தேடுவாங்க, பக்கத்துலயே "ஆகியும்"னு ஒரு வால் கையை ஆட்டிட்டு இருக்கும். "மழை விட்டு ரெண்டு மணி நேரம் ஆகியும் தரை இன்னும் ______ஆவே இருந்தது." இந்த "ஆகியும்", "இன்னும்", "ஆவே" மூணும் சேர்ந்து சொல்றது, மாறியிருக்க வேண்டியது மாறலன்னு. மழை விட்டா மாற வேண்டியது ஈரம். ஆப்ஷன்ல "குளிர்ச்சி", "பளபளப்பு"ன்னு எது இருந்தாலும் மழைக்கு அப்புறம் தரைக்கு பொருந்தும்தான், ஆனா ரெண்டு மணி நேரத்துல கண்டிப்பா போயிருக்கணும்னு நாம எதிர்பார்க்கிறது ஈரத்தைத்தான்.

அடுத்து இனம். இதுலதான் நான் ரொம்ப நேரம் நிப்பேன், மன்னிச்சுக்கோங்க, எனக்கு பிடிச்ச ஏரியா.

ஒரு பொருள் ரெண்டா போறதுக்கு தமிழ்ல ஒரே வினை கிடையாது. கண்ணாடி உடையும், கிளை முறியும், கயிறு அறும், துணி கிழியும், சுவர் விரியும் அப்புறம் இடியும். கயிறு உடைஞ்சதுன்னு சொன்னா கேக்கறவங்க ஒரு செகண்ட் முழிப்பாங்க. கண்ணாடி முறிஞ்சதுன்னா சிரிப்பாங்க. யாரும் உக்காந்து சொல்லித் தரல, ஆனா எந்த பொருளுக்கு எந்த வினைன்னு காதுல பதிஞ்சிருக்கு. விறைப்பா நீளமா இருக்கிறது முறியும், நொறுங்கக்கூடியது உடையும், தொங்கறதும் இழுக்கறதும் அறும், தட்டையா மெல்லிசா இருக்கிறது கிழியும்னு ஒரு விதியை நாம பின்னாடி எழுதிக்கலாம். இதுல அழகு என்னன்னா கண்ணுக்கு தெரியாத பொருளுக்கும் இதே விதி ஓடுது. உறவு முறியும், ஒப்பந்தம் முறியும், பேச்சுவார்த்தை முறியும், ஏதோ ரெண்டு பேருக்கு நடுவுல நீட்டிக்கிட்டு இருந்த கம்பு மாதிரி. மனசு உடையும், கண்ணாடி மாதிரி. கட்சி உடையும். தொடர்பு மட்டும் அறும், ஏன்னா அது கயிறு. இப்போ "______ அறுந்து போனதால ரெண்டு குடும்பமும் பத்து வருஷமா பேசிக்கல"ன்னு ஒரு கேள்வி வந்து ஆப்ஷன்ல ஒப்பந்தம், தொடர்பு, மனசு, நம்பிக்கைன்னு இருந்தா, அர்த்தத்தை மட்டும் பார்த்தா நாலும் ஓகேதான், ஒப்பந்தம் போனாலும் பேச மாட்டாங்க, மனசு உடைஞ்சாலும் பேச மாட்டாங்க, நம்பிக்கை போனாலும் அதேதான். ஆனா "அறுந்து"ங்கிற பக்கத்து வீட்டுக்காரர் தொடர்பை மட்டும்தான் உள்ள விடுவார்.

ஜே. ஆர். ஃபிர்த்னு ஒரு பிரிட்டிஷ் மொழியியலாளர் 1957ல ஒரு கருத்து சொன்னார், ஒரு சொல்லை அது யாரோட சேருதுன்னு பார்த்து தெரிஞ்சுக்கலாம்னு, மொழியியல் படிக்கிறவங்க எல்லாரும் இதை ஒரு தடவையாவது கேட்டிருப்பாங்க. சேர்க்கையை வச்சு ஆளை எடை போடறது நம்ம வீட்டு பெரியவங்க செய்யற வேலைதான், அதை அவர் சொல்லுக்கு பண்ணியிருக்கார். மழை "பலத்த"வோட சேரும், "கன"வோட சேரும், "கடும்" கூடவும் பழகும். வெயில் "கடும்" கூட மட்டும், பலத்த வெயில்னு யாரும் சொல்றதில்ல. காயம் பலத்த காயம், எதிர்ப்பு கடும் எதிர்ப்பு, பலத்த எதிர்ப்பும் ஓடும். போட்டி கடும் போட்டி, கன போட்டின்னு ஒண்ணு கிடையவே கிடையாது. மூணுக்கும் அகராதியில பார்த்தா கிட்டத்தட்ட "அதிகமான, மிகுந்த"ன்னு ஒரே மாதிரிதான் போட்டிருப்பாங்க. அகராதி அர்த்தத்தை மட்டும் வச்சு சொல் தேர்ந்தெடுத்தா இந்த இடத்துல கண்டிப்பா வழுக்கும். மெஷின் டிரான்ஸ்லேஷன் வாசனை அடிக்கிற தமிழை படிச்சா ஏதோ உறுத்துதுல்ல, அதுல பெரும்பாலும் அர்த்தம் தப்பா இருக்காது, சேர்க்கைதான் தப்பா இருக்கும்.

மூணாவது சார்பு, அதாவது யார் யார்கிட்ட எந்த இடத்துல பேசறாங்கன்னு. ஒருத்தர் உயிர் போறதுக்கு எத்தனை வார்த்தை வச்சிருக்கோம் பாருங்க, செத்துட்டான், இறந்துட்டார், காலமானார், மறைந்தார், உயிரிழந்தார், பலியானார். நடந்தது எல்லாத்துலயும் ஒண்ணுதான். ஆனா "விபத்தில் மூவர் ______"ங்கிற செய்தியில காலமானார்கள்னு போட்டா ஏதோ மூணு பேரும் வயசாகி படுக்கையில நிம்மதியா போன மாதிரி இருக்கும், அங்க உயிரிழந்தனர்தான். "மூத்த எழுத்தாளர் ______"க்கு பலியானார்னு போட்டா யார் கொன்னாங்கன்னு கேப்பாங்க. செத்துட்டான்ங்கிறதை கோவத்துலயோ ரொம்ப நெருக்கத்துலயோ சொல்லலாம், அப்புறம் மொபைல் பேட்டரிக்கு தாராளமா சொல்லலாம், பேட்டரி காலமானதுன்னு சொன்னா அது ஜோக். கேள்வியில "அவர்", "அவர்கள்", "மூத்த", "அன்னாரது" மாதிரி ஒரு மரியாதை சொல் இருந்தாலே கோட்டுக்குள்ள வர்ற வார்த்தையோட டிரெஸ் கோடு முடிவாயிடுது.

காலமும் சார்புதான். "நாற்றம்"னா இன்னைக்கு மூக்கை பொத்தற சமாச்சாரம். திருக்குறள்ல 1274வது குறள் மொட்டுக்குள்ள இருக்கிற நாற்றம் மாதிரி ஒரு பொண்ணோட புன்னகைக்குள்ள ஒண்ணு ஒளிஞ்சிருக்குன்னு சொல்லுது. மொட்டும் புன்னகையும் பக்கத்துல நிக்குது, அங்க கெட்ட வாடைக்கு இடமே இல்ல, அப்போ அந்த காலத்துல நாற்றம்னா மணம்னு அகராதியை திறக்காமலே தெரிஞ்சுக்கலாம். இனம், சார்பு ரெண்டும் சேர்ந்து ஒரு சொல்லோட பழைய அர்த்தத்தையே தோண்டி எடுத்துக் கொடுக்குது.

இவ்வளவு சொன்னதை பார்த்து க்ளூ எப்பவும் கைவிடாதுன்னு நினைச்சிடாதீங்க. கைவிடும். நான் சின்ன வயசுல பேப்பர்ல "சொற்ப வாக்கு வித்தியாசத்தில் தோல்வி"ன்னு படிச்சு, தோத்திருக்கார்ல, அப்போ சொற்பம்னா ஏகப்பட்டன்னு அர்த்தம் போலன்னு முடிவு பண்ணிட்டேன். அந்த வாக்கியத்துல பெரிய வித்தியாசம்னு போட்டாலும் பொருந்தும், சின்ன வித்தியாசம்னு போட்டாலும் பொருந்தும், வாக்கியம் எந்த பக்கமும் சாயல, நான்தான் சாஞ்சேன். ரொம்ப நாள் கழிச்சு "சொற்ப வாக்கு வித்தியாசத்தில் தோற்றதால் மறுபடியும் எண்ணச் சொன்னார்"னு ஒண்ணு படிச்சப்போதான் பல்பு எரிஞ்சது, ஏகப்பட்ட ஓட்டுல தோத்தவன் எதுக்கு திரும்ப எண்ணச் சொல்லப்போறான்? அதே வார்த்தை, அதே தோல்வி, கூட ஒரு "ஆல்" வந்து சேர்ந்ததும் கதவு திறந்துடுச்சு. இன்னொண்ணு "மெத்தனம்". அதிகாரிகள் மெத்தனமாக நடந்துகொண்டனர்னு படிச்சு, மெத்தைன்னு உள்ள ஒரு சத்தம் கேக்குதே, அப்போ மென்மையா, பதமா நடந்துக்கிட்டாங்க போல, நல்ல மனுஷங்கன்னு நினைச்சேன். சோம்பலா அலட்சியமா இருக்கிறதுதான் மெத்தனம்னு தெரிஞ்சப்போ அந்த அதிகாரிகள் மேல இருந்த மரியாதையும் போச்சு. சொல்லோட உருவத்தை வச்சு அர்த்தம் ஊகிக்கிறது சில நேரம் உதவும், அவநம்பிக்கைன்னு பார்த்தா "அவ" எதிர்மறைன்னு பிடிச்சுக்கலாம், ஆனா சத்தம் மட்டும் ஒத்துப்போனா நம்பக்கூடாது.

இதை ஆராய்ச்சியாளர்களும் பார்த்திருக்காங்க. இசபெல் பெக்கும் அவரோட சேர்ந்த ரெண்டு பேரும் 1983ல எழுதின கட்டுரையில எல்லா சூழலும் ஒரே மாதிரி உதவாதுன்னு சொல்லி நாலா பிரிச்சாங்க. நேரா அர்த்தத்துக்கு கூட்டிட்டு போறது, பொதுவா எந்த பக்கம்னு மட்டும் காட்டுறது, எதுவுமே காட்டாதது, தப்பான பக்கம் கையை காட்டுறது. என் சொற்பம் மூணாவது வகை. அப்புறம் எவ்வளவு தெரிஞ்சிருந்தா ஊகிக்க முடியும்னு ஒரு கேள்வி இருக்கு. 2000ல ஹூவும் பால் நேஷனும் பண்ணின ஆய்வு, ஒரு கதையை யார் உதவியும் இல்லாம நல்லா புரிஞ்சுக்கணும்னா அதுல இருக்கிற வார்த்தைகள்ல 98% ஏற்கனவே தெரிஞ்சிருக்கணும்னு சொல்லுது, அதாவது 50 வார்த்தைக்கு ஒண்ணுதான் புதுசா இருக்கலாம். 80% மட்டும் தெரிஞ்ச பக்கத்தை படிச்சவங்கள்ல ஒருத்தருக்கு கூட போதுமான அளவு புரியல. 80ங்கிறது பரீட்சையில நல்ல மார்க், படிக்கிறதுல முட்டை. அஞ்சுக்கு ஒரு வார்த்தை தெரியலன்னா சாட்சி சொல்ல வேண்டிய பக்கத்து வார்த்தையே யாருன்னு தெரியாதவரா போயிடுறார்ல. சாதாரணமா படிக்கும்போது எதிர்ப்படற புது வார்த்தைகள்ல 100க்கு ஏறக்குறைய 15தான் மனசுல ஒட்டுதுன்னு 1999ல ஸ்வான்பார்ன், டி க்ளாப்பர்னு ரெண்டு பேர் முந்தின ஆய்வுகளை எல்லாம் சேர்த்து பார்த்து சொன்னாங்க. கம்மியாத்தான் தெரியுது, ஆனா தினம் படிக்கிறவங்களுக்கு அது வட்டி மாதிரி ஏறும்.

இந்த கோடு போட்டு நிரப்பற விளையாட்டுக்கும் ஒரு வரலாறு இருக்கு. 1953ல வில்சன் டெய்லர்ங்கிறவர் "க்ளோஸ்" முறைன்னு ஒண்ணை கொண்டு வந்தார். அவர் மாணவனை சோதிக்கறதுக்காக அதை ஆரம்பிக்கல, எழுத்தை சோதிக்கறதுக்காக ஆரம்பிச்சார். ஒரு பத்தியில அஞ்சாவது, பத்தாவதுன்னு ஒரு கணக்கா வார்த்தைகளை அழிச்சிட்டு வாசகர்கள்கிட்ட கொடுக்கறது, அவங்க எவ்வளவு சரியா நிரப்பறாங்களோ அவ்வளவு தெளிவான எழுத்துன்னு அர்த்தம். யோசிச்சு பாருங்க, கோட்டை சரியா நிரப்ப முடியலன்னா அது எழுதினவர் தப்பாவும் இருக்கலாம். பின்னாடிதான் இது படிக்கிறவங்களுக்கான பரீட்சையா மாறிச்சு. 2018ல கூகுள் ஆளுங்க பெர்ட்னு ஒரு மொழி மாடலை வெளியிட்டாங்க, அதுக்கு சொல்லிக் கொடுத்ததும் இதே வழிதான், எழுத்துத் துண்டுகள்ல 15% எடுத்து மறைச்சு ரெண்டு பக்கமும் பார்த்து கண்டுபிடின்னு திரும்பத் திரும்ப கேட்டாங்க. அந்த கட்டுரையில டெய்லரோட 1953 பேரும் வருது. மெஷினுக்கும் சரி மனுஷனுக்கும் சரி, வாத்தியார் அந்த கோடுதான்.

சரி, பரீட்சை ஹால்ல என்ன பண்றது? நான் சொல்றது ஒண்ணே ஒண்ணு, ஆப்ஷனை கையால மூடுங்க. நிஜமாவே கையை வச்சு மூடிட்டு வாக்கியத்தை முற்றுப்புள்ளி வரைக்கும் படிச்சு, கோட்டுல உங்களுக்கா என்ன வார்த்தை வருதோ அதை மனசுல போடுங்க, கொச்சையா இருந்தாலும் பரவால்ல. அப்புறம் கையை எடுத்து அதுக்கு கிட்ட எந்த ஆப்ஷன் இருக்குன்னு பாருங்க. ஏன்னா கேள்வி தயாரிக்கறவங்க பொறி வைக்கிற இடம் ஆப்ஷன்லதான். "நீதிபதி ரெண்டு தரப்பு வாதத்தையும் பொறுமையா கேட்டு ______ தீர்ப்பு சொன்னார்"னு ஒரு கேள்வி. கையை மூடிட்டு படிச்சா "நியாயமான"னு உங்களுக்கே வரும். கையை எடுத்தா அங்க கடுமையான, அவசரமான, நடுநிலையான, சட்டப்பூர்வமானன்னு இருக்கும். மூடாம பார்த்திருந்தா நீதிபதி, தீர்ப்புன்னதும் "சட்டப்பூர்வமான" கண்ணை சிமிட்டி கூப்பிட்டிருக்கும், கோர்ட்டு வாசனை அதுலதான் ஜாஸ்தி. ஆனா "ரெண்டு தரப்பு", "பொறுமையா"ங்கிற ரெண்டும் அதைப்பத்தி பேசவே இல்ல. தலைப்போட ஒட்டுற வார்த்தை வேற, வாக்கியத்தோட ஒட்டுற வார்த்தை வேற. போட்டு முடிச்சதும் ஒரு தடவை வாய்க்குள்ள முணுமுணுத்து பாருங்க, கயிறு உடைஞ்சது மாதிரி ஏதாவது இருந்தா காது காட்டிக் கொடுத்துடும்.

எழுதறவங்க பக்கமும் ஒண்ணு சொல்லிடறேன். தொல்காப்பியர் அந்த சூத்திரத்தோட நிறுத்தல, அதைத் தொடர்ந்து, வினையும் வித்தியாசம் காட்டாத பல பொருள் சொல்லா இருந்தா என்ன பண்றதுன்னு சொல்றார், "கிளந்தாங்கு இயலும்"னு. அதாவது வெளிப்படையா சொல்லித் தொலைன்னு. "மா வீழ்ந்தது"ன்னா மரமும் விழும், குதிரையும் விழும், அதனால "மாமரம் வீழ்ந்தது"ன்னு எழுதணும்.

எனக்கு இது ஒரு இன்வாய்ஸ்ல புரிஞ்சது. கூட வேலை செய்யற தம்பி ஒருத்தர் ரெடி பண்ணி அனுப்பியிருந்தார், கடைசியில "தாமதமானால் அபராதம் உண்டு"ன்னு ஒரு மிரட்டல் வாக்கியம், பழைய கஸ்டமருக்கு எதுக்கு இதெல்லாம்னு நான் போன்லயே "கடைசி வரியை எடுத்துடுங்க தம்பி, மத்ததெல்லாம் சரி"ன்னு மெசேஜ் போட்டேன். அவரும் "எடுத்துட்டேண்ணா"ன்னு பதில் போட்டு அனுப்பியும் விட்டார். ரெண்டு நாள் கழிச்சு பணம் குறைச்சலா வந்திருக்கேன்னு திறந்து பார்த்தா, மிரட்டல் அப்படியே இருக்கு, கூட்டல் பகுதியில கடைசியா இருந்த வரியை, அதாவது டாக்ஸை, சுத்தமா தூக்கியிருக்கார். அவர் மேல என்ன தப்பு? எடுக்கறதுங்கிற வினை ரெண்டுக்கும் பொருந்தும், இன்வாய்ஸ்ல ரெண்டு வரியும் குடியிருக்கு, ரெண்டுமே அதது இடத்துல கடைசியில வேற இருந்திருக்கு. வினை, இனம், சார்பு மூணும் கையை விரிச்சிடுச்சு. அன்னைலேர்ந்து பில் சம்பந்தப்பட்ட எந்த மெசேஜ்லயும் நான் வரின்னு எழுதறதில்ல, ஒண்ணு லைன், இல்லன்னா டாக்ஸ்.